பைரவ் 25 பட்டாலியன்: சிறப்புப் படைக்குக் காசுதான் பிரச்சினையா?

அரியலூர்_செழியன்

2025 கார்கில் வெற்றி நாளில் திராஸில் பேசிய ராணுவத் தளபதி உபேந்திர துவிவேதி, பைரவ் என்ற பெயரில் இலகு கமாண்டோ பட்டாலியன்கள் எழுப்பப்படுவதாக அறிவித்தார். பட்டாலியனுக்கு ஏறக்குறைய 250 பேர், இலக்கு 25 பட்டாலியன். இதற்கென்று புது ஆளெடுப்பு கிடையாது. இருக்கும் காலாட்படையிலிருந்தே பிரித்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இது "25 புது பாரா எஸ்எஃப்", அதாவது ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படை, என்று ஆகிவிட்டது. அப்படி இல்லை. சாதாரணக் காலாட்படைக்கும் பாரா எஸ்எஃபுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியை நிரப்பத்தான் பைரவ் என்று ராணுவமே சொல்கிறது.

என் கேள்வி வேறு. ராணுவத்துக்கு பாரா எஸ்எஃப், கடற்படைக்கு 1987-ல் தொடங்கிய மார்கோஸ், விமானப்படைக்கு 2004-ல் வந்த கருட். இந்த மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தில். தேசியப் பாதுகாப்புப் படையான என்எஸ்ஜி உள்துறையின் கீழ். 1962 சீனப் போரின்போது திபெத்தியர்களைக் கொண்டு எழுப்பிய சிறப்பு எல்லைப்படை கேபினட் செயலகத்தின் கீழ். முப்படைக்கும் சேர்த்து ஒரே சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் வேண்டும் என்று நரேஷ் சந்திரா குழு 2012-ல் பரிந்துரைத்தது. ஏழு வருடம் கழித்து வந்தது ஒரு மேஜர் ஜெனரல் தலைமையில் ஒரு டிவிஷன், அவ்வளவுதான்.

அமெரிக்காக்காரன் 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் அடிவாங்கினான். பணயக்கைதிகளை மீட்கப் போன இடத்தில் எரிபொருள் நிரப்பும் விமானத்தோடு ஹெலிகாப்டர் மோதி எட்டு பேர் செத்தார்கள். எதிரி ஒரு குண்டு சுடவில்லை. நான்கு படைப்பிரிவுகளிலிருந்து ஆட்களையும் வண்டிகளையும் கடன் வாங்கிக் கோத்த படை அது. 1986-ல் சட்டம் போட்டு, 1987-ல் சோகாம் என்ற தனிக் கட்டளையகத்தை உண்டாக்கினார்கள். அதோடு நிறுத்தாமல் அதற்கென்று தனி நிதித் தலைப்பு ஒன்றையும் கொடுத்தார்கள். கட்டளையகத் தளபதியே தனக்கு வேண்டியதை வாங்கலாம், ராணுவத்திடமும் கடற்படையிடமும் போய் நிற்க வேண்டாம்.

நம்மிடம் ஆள் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, பெட்டிச்சாவி மட்டும் வேறொருவன் இடுப்பில். இந்த நிலையில் இன்னும் 25 பட்டாலியன் எழுப்புவதால் என்ன ஆகும்? பேசலாம்.

---

சந்தேகப்பிராணி

ஒண்ணும் ஆகாது. பத்திரிகைக்கு நல்ல போட்டோ கிடைக்கும். முகத்துல கறுப்புச் சாயம், கையில் இஸ்ரேல் துப்பாக்கி.

2025 மே 7 ஆபரேஷன் சிந்தூர்ல பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடத்தை அடிச்சாங்க. ஒரு கமாண்டோ எல்லையைத் தாண்டினானா? எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்தே போச்சு. 2016-ல உரிக்குப் பிறகு பாரா எஸ்எஃப் நடந்து போய் அடிச்ச வேலையை இன்னைக்கு ஏவுகணையும் ட்ரோனும் பண்ணுது. அப்புறம் எதுக்கு ஆறாயிரம் பேருக்குக் கமாண்டோ பயிற்சி? அந்தக் காசுல ட்ரோன் வாங்குங்க.

---

கம்மவான்பேட்டை

சந்தேகப்பிராணி தம்பி, சிந்தூருக்குக் காரணமா இருந்த பஹல்காம் கொலைகாரங்களை எது தேடிப் பிடிச்சுது? ட்ரோனா? ஜூலை 28-ந்தேதி, பைரவ் அறிவிப்பு வந்து ரெண்டே நாள்ல, ஸ்ரீநகர் பக்கத்துல டாச்சிகாம் காட்டுல மூணு பேரையும் முடிச்சது பாரா எஸ்எஃப் பசங்க. ஆபரேஷன் மகாதேவ்னு பேரு. மூணு மாசம் காட்டுல தடம் பார்த்து, மூச்சுக் காட்டாம கிடந்து பண்ற வேலை அது.

நான் ஹவில்தாரா ரிடையர் ஆனவன். பாரா இல்ல, காலாட்படை. ஆனா எங்க பட்டாலியன் காதக் பிளாட்டூன்ல இருந்தேன். காதக்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஒவ்வொரு காலாட்படைப் பட்டாலியன்லயும் இருபது பேர் அளவுல ஒரு அடிதடி கூட்டம் இருக்கும். முன்னாடி போய் பங்கர உடைக்கறதுக்குன்னே வெச்சிருப்பாங்க. கார்கில்ல டைகர் ஹில் ஏறினாரே யோகேந்திர யாதவ், பரம்வீர் சக்ரா, அவரு 18 கிரனேடியர்ஸ் காதக். பெல்காம்ல கமாண்டோ கோர்ஸ் முடிச்சுட்டு வந்தா காதக்ல சேத்துக்குவாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்களுக்குத் துப்பாக்கி பஞ்சம் இல்ல. இருட்டுல பார்க்கற ராத்திரிக் கண்ணாடிதான் பஞ்சம். ஸ்கவுட்டா முன்னாடி போறவனுக்கு ஒண்ணு, செக்‌ஷன் கமாண்டருக்கு ஒண்ணு. மத்தவன்லாம் முன்னாடி போறவன் முதுகுல ஒட்டியிருக்கற வெள்ளைத் துணித் துண்டைப் பார்த்துக்கிட்டே நடக்கணும். ஒத்தைக் கண்ணு கருவி வேற. கொஞ்ச நேரம் மாட்டிட்டுக் கழட்டினா ஒரு கண்ணு பச்சையா, ஒரு கண்ணு குருடா இருக்கும். பள்ளம் எது மேடு எதுன்னு தெரியாம முழங்கால் போனவன் நிறைய. பேட்டரி குளிர்ல படுத்துடும், சட்டைக்குள்ள நெஞ்சோட வெச்சுத் தூங்குவோம். இது நான் இருந்த காலத்துக் கதை. இப்ப நிலைமை பரவாயில்லன்னு பசங்க சொல்றாங்க.

அதனால 25 பட்டாலியன் எழுப்பறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. சொல்லப்போனா சந்தோஷம். காரணம் அப்புறம் எழுதறேன், பேத்திய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்.

---

கணக்குப்பிள்ளை

செழியன் "பெட்டிச்சாவி" என்றாரே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறேன். என் பிழைப்பு அந்தப் பக்கம்தான், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி. புதிய ஆயுதம், விமானம், கப்பல் வாங்கும் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி சம்பளம், சாப்பாடு, எரிபொருள், பராமரிப்பு. இந்தப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டினாலும் "பாரா எஸ்எஃப்" என்றோ "மார்கோஸ்" என்றோ ஒரு வரி அகப்படாது. அவர்களுடைய துப்பாக்கி ராணுவத்தின் மூலதனக் கணக்கில் இருக்கும். அவர்களைத் தூக்கிப்போகும் விமானம் விமானப்படைக் கணக்கில். படகு கடற்படைக் கணக்கில். ஐந்தில் என்எஸ்ஜிக்கு மட்டும் உள்துறையின் போலீஸ் மானியக் கோரிக்கையில் தனி வரி உண்டு, ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். ஆக, "இந்தியா சிறப்புப் படைக்கு எவ்வளவு செலவழிக்கிறது" என்று நாடாளுமன்றத்தில் ஒருவர் கேட்டால், கூட்டிச் சொல்ல ஒரு நாற்காலி கிடையாது.

இதன் விளைவு கொள்முதலில் தெரியும். ஒரு எஸ்எஃப் பட்டாலியனுக்கு 200 நல்ல தொலைநோக்கிக் குறிகாட்டி வேண்டும் என்று வையுங்கள். 200-க்காக எந்தக் கம்பெனியும் "நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்" சோதனைக்கு வர மாட்டான். தன் செலவில் ராஜஸ்தான் மணலிலும் லடாக் குளிரிலும் சாமானைக் கொண்டுவந்து காட்டி, கடைசியில் ஆர்டர் வருமோ வராதோ என்று காத்திருக்க அவனுக்கென்ன தலைவிதியா? உடனே ஒரு யோசனை வரும்: காலாட்படைத் தேவையையும் இதோடு சேர்த்து இருபதாயிரம் ஆக்கிவிடலாம். ஆக்கினால் கோப்பு கனத்துவிடும், குறைந்த விலை சொன்னவன் யார் என்ற எல்1 சண்டை வரும், புகார்க் கடிதம் வரும். கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 2018-ல் துரித வழியில் காரகால் கம்பெனியின் 93,895 கார்பைன் தேர்வானது, 2020-ல் அது அப்படியே ரத்து. துரித வழியின் கதியே இது.

பிறகு எப்படித்தான் எஸ்எஃப் கையில் புதுச் சாமான் வருகிறது? அவசரக் கொள்முதல். உரி, பாலகோட், கல்வான், சிந்தூர் என்று ஏதாவது ஒன்று வெடிக்கும்போது துணைத் தளபதிகளுக்கு அதிகாரம் கொடுத்துவிடுவார்கள். 2020-ல் ஒரு ஒப்பந்தத்துக்கு 300 கோடி வரை, குறுகிய காலத்துக்குள் சாமான் வந்தாக வேண்டும். அந்தச் சன்னலுக்குள் எது கிடைக்கிறதோ அதை வாங்குவார்கள். சன்னல் மூடியதும் உதிரிப்பாகமும் பராமரிப்பு ஒப்பந்தமும் யார் தலையில் என்ற கேள்வி எழும். அதை எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

ஆகவே, "காசு பிரச்சினையா" என்றால் தொகை பிரச்சினை இல்லை. 1.80 லட்சம் கோடியில் இவர்கள் கேட்பது கொசுறு. அந்தக் கொசுறுக்குப் பொறுப்பாளி யார் என்பதுதான் கோளாறு.

---

தேர்வர்_நந்தினி

கணக்குப்பிள்ளை சார், இதை நோட்ஸ் எடுத்துக்கறேன், நன்றி. இரண்டு சந்தேகம்.

1) 2019-ல் வந்த டிவிஷனிடம் சொந்தமாக ஆட்கள் இல்லையா?
2) அக்னிவீர் நாலு வருஷம்தானே, அவர்களால் எஸ்எஃபில் சேர முடியுமா? சேர்ந்தால் கால்வாசிப் பேர்தானே நிலைப்பார்கள்?

---

அரியலூர்_செழியன்

முதல் கேள்விக்கு: ஆயுதப்படைச் சிறப்பு நடவடிக்கை டிவிஷன், தலைமையகம் ஆக்ரா. மூன்று படைகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. 2019-லேயே குஜராத்திலும் அந்தமானிலும் பெரிய பயிற்சி நடத்திக் காட்டினார்கள். ஆனால் பாரா எஸ்எஃபின் பட்டாலியன்கள் எல்லாம் அதன்கீழ் வந்துவிடவில்லை. பெரும்பாலானவை வடக்கு, கிழக்கு என்று அந்தந்தப் பிராந்தியக் கட்டளையகங்களின் கையில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, கம்மவான்பேட்டை ஐயா வந்தால் சொல்வார்.

---

தூத்துக்குடி_மாலுமி

நான் மெர்ச்சன்ட் நேவி. ஏடன் வளைகுடா வழியா போய் வர்றவன். உங்க டெல்லிக் கோப்புக் கதையைக் கேட்டா நெஞ்சு வலி வருது, அதனால நல்லா நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

2023 டிசம்பர்ல ரூவன்ங்கற கப்பலைச் சோமாலியக் கொள்ளைக்காரங்க பிடிச்சாங்க. மூணு மாசம் கையில வெச்சிருந்து, அதையே தாய்க்கப்பலா மாத்தி வேற கப்பலைப் பிடிக்கக் கிளம்பினாங்க. 2024 மார்ச்ல ஐஎன்எஸ் கொல்கத்தா போர்க்கப்பல் மடக்கிச்சு. விமானப்படையோட சி-17 சரக்கு விமானம் இங்கிருந்து 2,600 கிலோமீட்டர் பறந்துபோய், ரெண்டு ரப்பர் படகையும் மார்கோஸ் ஆளுகளையும் பாராசூட்ல நடுக்கடல்ல இறக்கிச்சு. மொத்தம் 40 மணி நேரம். 35 கொள்ளைக்காரனும் கையைத் தூக்கிட்டான், 17 சிப்பந்திகளும் காயமில்லாம வெளிய வந்தாங்க.

கொள்ளைக்காரன் ஏறினா எங்களுக்கு விதி ஒண்ணுதான். எஞ்சின நிறுத்திட்டு எல்லாரும் சிட்டாடல்னு சொல்ற அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கணும். பெரும்பாலும் ஸ்டியரிங் கியர் ரூம். தண்ணி, பிஸ்கட், ஒரு சாட்டிலைட் போன், ஒரு வாளி. உள்ள சூடு தாங்காது. யாராவது வருவாங்கன்னு நம்பி உக்காரணும். 2024 ஜனவரில லீலா நோர்ஃபோக் கப்பல்ல இப்படி உக்காந்தவங்கள்ல 15 பேர் இந்தியர்கள், மார்கோஸ் போய்த்தான் கதவைத் திறந்தாங்க. அப்படி உக்காந்தவன்கிட்ட வந்து சிறப்புப் படை வீண்செலவுன்னு சொல்லிப் பாருங்க.

மார்கோஸ் அலவன்ஸ் ஏழாவது சம்பளக் கமிஷன் வந்தப்ப மாசம் 17,300, அதிகாரின்னா 25,000னு வெச்சாங்க. ஐடி கம்பெனில ராத்திரி ஷிஃப்ட் பாக்குறவன் இதைக் கேட்டா சிரிப்பான்.

---

சந்தேகப்பிராணி

மாலுமி அண்ணே, ரூவன் நல்ல உதாரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொன்னதுலேயே என் பாயிண்ட் இருக்கு. அங்க ஜெயிச்சது போர்க்கப்பல் + சி-17 + கண்காணிப்பு விமானம் + ட்ரோன் + மார்கோஸ். மார்கோஸை மட்டும் பத்து மடங்கு ஆக்கியிருந்தா அது நடந்திருக்காது.

---

அரியலூர்_செழியன்

அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். மும்பை 26/11-ல் என்எஸ்ஜிக்கு ஆள் குறைவா, ஆயுதம் குறைவா? டெல்லிக்குப் பக்கத்து மானேசரில் ஆட்கள் தயார். தூக்கிப்போக வேண்டிய ஐஎல்-76 சரக்கு விமானம் சண்டிகரில் நின்றது. அது டெல்லிக்கு வந்து, ஆளை ஏற்றி, மும்பையில் இறங்கும்போது விடிகிற நேரம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் போனார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தாவில் மையங்கள் வைத்தார்கள்.

சிறப்புப் பணிக்கென்றே பழகிய சி-130ஜே விமானங்கள் 2011 முதல் இருக்கின்றன. மொத்தமே ஒரு டஜன், ஹிண்டனிலும் பனாகரிலும். வெள்ளம் வந்தாலும் அதுதான், தூதரகத்தைக் காலி செய்தாலும் அதுதான். ஹெலிகாப்டர் நிலைமை இன்னும் மோசம். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததும் நாட்டிலுள்ள துருவ் அத்தனையும், முந்நூற்றுச் சொச்சம், மாதக்கணக்கில் தரையில் நின்றன. அமெரிக்காவில் 1980 தோல்விக்கு மறு வருடமே சிறப்புப் படைக்கென்று தனி ஹெலிகாப்டர் அணி உருவானது. இங்கே நான்கைந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுத் துப்பாக்கிதான் வாங்குகிறோம்.

---

கொக்குவிலான்

இந்த இழையை இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எழுதலாமோ விடலாமோ எண்டு யோசிச்சுப்போட்டு எழுதுறன்.

1987 ஒக்டோபர் 11 இரவு நாங்கள் கொக்குவிலில இருந்தனாங்கள். நான் அப்ப சின்னப் பெடியன். பலாலியில இருந்து ஹெலியள் வாற சத்தம், பிறகு விடிய விடிய வெடிச்சத்தம். யாழ் பல்கலைக்கழக மைதானத்தில இந்திய இராணுவம் இறங்கினது. புலியளின்ர தலைமையைப் பிடிக்கிறதுதான் திட்டம். 10-வது பாரா கமாண்டோ முதல்ல, பின்னால 13-வது சீக்கிய இலகு காலாட்படை. வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டு இயக்கம் முன்னமே ஆயத்தமா இருந்தது. சூடு பட்ட ஹெலியளால திரும்பத் திரும்ப ஆக்களைக் கொண்டுவர ஏலாமல் போச்சு. முப்பது சீக்கியச் சிப்பாய்கள் மைதானத்தில தனிச்சு நிண்டவை, ஒராள் மட்டும்தான் மிஞ்சினது. கமாண்டோக்கள் பக்கத்து வீடுகளுக்குள்ள பூந்து நிண்டு, டாங்கியள் வந்துதான் அவையை வெளியில எடுத்தது. பிரம்படி ஒழுங்கையில எங்கட சனம் செத்ததும் அந்த நாளிலதான். அதைப் பற்றி இங்க விவாதிக்க வரேல்லை, ஆனா சொல்லாமல் விடவும் மாட்டன்.

ஏன் எழுதினனான் எண்டா, அந்தக் கமாண்டோக்கள் பயிற்சி இல்லாத ஆக்கள் இல்லை. 1971-ல சாச்ரோவில பாலைவனத்துக்குள்ள போய் அடிச்சுப்போட்டு வந்த படை அது. அவையைப் பொய்த் தகவலை நம்பி, ஊர் நடுவில, ஹெலியில வந்து இறங்கிற காலாட்படை மாதிரிப் பாவிச்சினம். அனுப்பின ஆள் விட்ட பிழைக்குப் போன ஆள் விலை குடுத்தது.

இன்னொண்டு. பைரவ் மாதிரி ஒண்டை இலங்கை இராணுவம் 2000-களிலேயே செய்தது. சிறப்புப் படையைப் பெருப்பிக்காமல், சாதாரணக் காலாட்படைக்குள்ளயே எட்டுப் பேர்க் குழுக்களை உருவாக்கி, காட்டுக்குள்ள தனிய நிண்டு சண்டை பிடிக்கப் பழக்கினவை. கடைசிப் போரில அது வேலை செய்தது எண்டதை எங்களை விட ஆர் நல்லா அறிவினம்?

---

நெறியாளர்

1987 குறித்த கருத்துகளைக் கொக்குவிலான் எழுதிய கண்ணியத்தோடு தொடரவும். இரு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இப்போதுள்ள படைப்பிரிவு எங்கே நிற்கிறது, யார் எங்கே பணியில் என்ற விவரம் எதுவும் இங்கே வேண்டாம்.

---

கம்மவான்பேட்டை

கொக்குவிலான் தம்பி, படிச்சேன். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல. இலங்கைக்குப் போன அமைதிப்படை, ஐபிகேஎஃப், அதுல போய்ட்டுத் திரும்பாதவங்க வீடும் இருக்கு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.

நேத்து விட்ட இடத்துலேர்ந்து சொல்றேன். பைரவ் வந்தா எனக்கு ஏன் சந்தோஷம்? 2023 மே 5, ரஜோரி, கண்டி காடு. குகைக்குள்ள ஆள் இருக்கான்னு தகவல். போனது 9 பாரா. வெடி வெச்சுட்டான், அஞ்சு பேர் காலி. அவங்க வீரத்தைப் பத்தி யாரும் வாய் திறக்க முடியாது. ஆனா என் கேள்வி, காட்டைச் சலிச்சுத் தேடற அந்த வேலைக்கு ஏன் எஸ்எஃப்? காஷ்மீர்ல தீவிரவாதிகளைத் தேடறதுக்குன்னே இருக்கற ராஷ்டிரிய ரைஃபிள்ஸ் பக்கத்துல இருந்தாலும், எந்த பிரிகேட் கமாண்டருக்கும் கைல எஸ்எஃப் டீம் இருந்தா அதை முதல்ல அனுப்பத்தான் கை போகும். நல்ல ஆள் கிடைச்சா யாருக்குத்தான் ஆசை வராது. ஒருத்தனை எஸ்எஃப் ஆபரேட்டரா ஆக்க வருஷக்கணக்கா ஆகுது. ப்ரொபேஷன்ங்கற சோதனைக் காலத்துலயே பாதிக்கு மேல திரும்பிப் போயிடுவான். அதுக்கப்புறம் வெடிமருந்து, மெடிக்கல், ரேடியோ, பாராசூட், மலைன்னு ஒவ்வொண்ணா கத்துக்கணும். அவனைக் கொண்டுபோய் ரோட்டை மறிச்சு சோதனை போடற வேலைல நிறுத்தினா?

எல்லைக்கு அந்தப்பக்கம் அஞ்சாறு கிலோமீட்டர் ரெய்டு, ஊடுருவல் தடுக்கறது, காட்டைச் சலிக்கறது, ட்ரோன் வெச்சு அடிக்கறது, இதெல்லாம் பைரவ் எடுத்துக்கட்டும். அப்ப பாரா எஸ்எஃப் அதுக்குன்னு இருக்கற வேலையைப் பார்க்கும். பைரவைப் பெரிய படையா பார்க்காதீங்க, எஸ்எஃபைக் காப்பாத்தற குடையா பாருங்க.

நந்தினி பாப்பா கேட்டதுக்கு: அக்னிவீரும் பாரா எஸ்எஃபுக்கு வாலண்டியர் பண்ணலாம். கணக்கு போட்டுப் பாரு. ஆரம்பப் பயிற்சி ஆறு மாசம். அப்புறம் ப்ரொபேஷன், அப்புறம் பாரா கோர்ஸ், ஸ்பெஷலைசேஷன். உருப்படியா ஒரு டீம்ல நிக்கும்போது ரெண்டாவது வருஷம் ஓடிடும். நாலாவது வருஷம் நாலுல மூணு பேரு வீட்டுக்கு. எஸ்எஃப் ஆளுகளுக்காவது இந்தக் கால்வாசிக் கணக்கைத் தளர்த்தணும்.

---

திருவெறும்பூரான்

துப்பாக்கி பத்தி ஒரு வார்த்தை. எங்க ஊரு துப்பாக்கித் தொழிற்சாலைல "திருச்சி அசால்ட் ரைஃபிள்" பண்றாங்க, 7.62×39 குண்டு, ஏகே வகை. மாநிலப் போலீசும் துணை ராணுவமும் வாங்குது. எஸ்எஃப் ஏன் வெளிநாட்டுத் துப்பாக்கியே கேக்குதுன்னு எங்க ஆளுங்களுக்கு வருத்தம் உண்டு.

நான் லேத் பட்டறை வெச்சிருக்கேன், அதனால தொழில் விதமா சொல்றேன். குழலும் போல்ட்டும் இங்க பண்ணிடலாம். எஸ்எஃப் வித்தியாசம் பார்க்கறது மேல மாட்டற சமாச்சாரத்துல. சைட்டு கழட்டி மாட்டினா ஜீரோ, அதாவது சரிபண்ணி வெச்ச குறி, மாறக்கூடாது, சைலென்ஸர் போட்டா ஜாம் ஆகக்கூடாது, இடதுகைக்காரனுக்கும் செட் ஆகணும். சைட்டு மாட்டற ரெயில் மைக்ரான் கணக்குல நேரா இருக்கணும். பண்ண முடியும். ஆனா மூவாயிரம் பீஸுக்கு யார் டூலிங் போடறது? 2002 வாக்குல வாங்கின டவோர்ங்கற இஸ்ரேல் துப்பாக்கியே 3,070 தான். அந்த எண்ணிக்கைக்கு இங்க லைன் ஓட்டினா ஒரு துப்பாக்கி விலை யானை விலை ஆயிடும். இதை ஏத்துக்கிட்டு "பரவால்ல, ஆகட்டும், சிறப்புப் படைன்னா அப்படித்தான்"னு சொல்ற ஒரு தனிக் கணக்கு இருந்தா நாங்க பண்ணித் தருவோம்.

---

கணக்குப்பிள்ளை

திருவெறும்பூரார் சொன்னது நூற்றுக்கு நூறு. அமெரிக்காவின் அந்தத் தனித் தலைப்பில் உள்ள சூட்சுமமும் இதுவே. எல்லோருக்கும் பொதுவான சாமானை ராணுவமும் கடற்படையும் தங்கள் காசில் கொடுக்க வேண்டும். சிறப்புப் படைக்கு மட்டுமே உரிய சாமானுக்குத்தான் அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கலாம். விமானத்தை விமானப்படை வாங்கும், அதில் ஏற்ற வேண்டிய ராத்திரிக் கருவிக்குச் சோகாம் காசு.

ஆனால் செழியனுக்கு ஒரு எச்சரிக்கை. தனிக் கட்டளையகம் என்றால் உடனே ஒரு மூன்று நட்சத்திரத் தளபதி, அவருக்குக் கட்டடம், கார், அலுவலர் குழு. நம் ஊரில் தலைமையகம் வளரும் வேகத்தில் படை வளர்வதில்லை. 1994-ல் பாராசூட் ரெஜிமெண்டிலிருந்து கமாண்டோ பட்டாலியன்களைப் பிரித்துச் சிறப்புப் படை ரெஜிமெண்ட் என்று தனியாக வைத்தார்கள். 1996-ல் கலைத்துவிட்டுத் திரும்ப ஒட்டினார்கள். வீட்டைப் பிரிப்பது சுலபம், பதவி உயர்வு வரிசையைப் பிரிப்பது கஷ்டம்.

---

அரியலூர்_செழியன்

அந்த 1994 முயற்சி தோற்றதால்தான் பெருக்கம் வேறு வழியில் போனது என்று நினைக்கிறேன். 1996-ல் 21 மராட்டா 21 பாரா எஸ்எஃப் ஆனது. கார்கிலுக்குப் பிறகு 2, 3, 4 பாரா பட்டாலியன்களை எஸ்எஃபாக மாற்றினார்கள். அப்புறம் 11, 12 பட்டாலியன்கள் வந்தன. தனி அமைப்பு கொடுக்க மனமில்லாத இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தார்கள். பட்டாலியன் கூடக்கூடப் பயிற்றுநர் அதே கூட்டத்திலிருந்துதான் வர வேண்டும். களத்தில் இருக்க வேண்டிய சிறந்த ஹவில்தாரைப் பிடுங்கிப் பயிற்சி மையத்தில் போட்டால் டீம் நலியும், போடாவிட்டால் அடுத்த தலைமுறை நலியும்.

கம்மவான்பேட்டை ஐயாவின் குடைக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு பயம். பைரவ் என்று பெயரிலும் சின்னத்திலும் ஒரு கிறக்கம் வந்துவிட்டால், நாளை இவர்களையும் "எஸ்எஃப் ஆக்கு" என்று ஒரு கோப்பு கிளம்பும். பட்டாலியன்களிலிருந்து நல்ல ஆட்களை உருவி இதை எழுப்புகிறார்கள், காதக் பிளாட்டூன்களுக்கு மிச்சம் யார்?

---

சந்தேகப்பிராணி

சரி, எல்லாருக்கும் ஒரு கேள்வி. கையில ஆயிரம் கோடி கொடுத்தா, சிறப்புப் படைக்கு முதல்ல என்ன வாங்குவீங்க? ஒரே பதில். கதை வேண்டாம்.

---

தூத்துக்குடி_மாலுமி

ஆளைத் தண்ணிக்கடியில கொண்டுபோற குட்டி நீர்மூழ்கி வாகனம். நம்மகிட்ட போதாது.

---

அரியலூர்_செழியன்

ஹெலிகாப்டர். எம்ஐ-17 ரகத்திலேயே பத்தோ பன்னிரண்டோ, ராத்திரிப் பறப்புக்குத் தயார்செய்து, அதே விமானிகள் வருடக்கணக்கில் அதே டீமோடு பழகும்படி. ஆயிரம் கோடி பற்றாது, கடன் சொல்லி வாங்குவேன்.

---

கொக்குவிலான்

தகவல் எடுக்கிற ஆக்கள். அந்த ஊர்ப் பாஷை தெரிஞ்ச ஆக்கள்.

---

கம்மவான்பேட்டை

ஒண்ணும் வாங்க மாட்டேன். ரிடையர் ஆகப்போற எஸ்எஃப் சுபேதார், ஹவில்தார் பசங்களை அஞ்சு வருஷம் நீட்டிச்சு, நல்ல சம்பளம் போட்டு, பெல்காம் மாதிரி இடத்துல வாத்தியாரா உக்கார வெப்பேன். இப்ப அவங்கள்ல பாதி பேர் பெங்களூர்ல அபார்ட்மெண்ட் வாசல்ல செக்யூரிட்டி சூப்பர்வைசர். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க கார் பார்க்கிங் ஸ்டிக்கர் சரி பார்த்துட்டு இருக்கார், இருட்டுல சத்தமில்லாம வீடு புகறதுக்கு ஆளுகளைத் தயார் பண்ணவரு.

---

கணக்குப்பிள்ளை

கம்மவான்பேட்டை சொன்னது மூலதனச் செலவில் வராது, வருவாய்ச் செலவு. அதாவது பட்ஜெட்டின் மானியக் கோரிக்கை எண் 21-ல் தேடாதீர்கள், 20-ல் வரும். ஆயிரம் கோடி தேவைப்படாது, நூற்றில் முடியும். ஆனால் ஓய்வு வயதைத் தொட்டால் ஓய்வூதியக் கணக்கு 22-லும் மாற்றம் வரும், நிதி ஆலோசகர் கேள்வி கேட்பார். யாராவது ஒரு எம்.பி.க்கு எழுதுவதாக இருந்தால் சொல்லுங்கள், கேள்வியை எந்த வடிவத்தில் போட்டால் "தேசப் பாதுகாப்பு காரணமாக" என்று தட்டிக்கழிக்க முடியாதோ, அதை எழுதித் தருகிறேன்.

---

தேர்வர்_நந்தினி

எழுதித் தாங்க சார். எங்க தொகுதி எம்.பி. ஆபீஸ்ல மனு வாங்கற அக்கா எனக்குத் தெரிஞ்சவங்க. திங்கட்கிழமை கொண்டு கொடுத்துடறேன்.